புதுப்பிப்பு: கோர்ட் வரிசையிலிருந்து மெட்டு

சி, ஏ மைனர், எஃப், ஜி என்ற கோர்ட் (chord, ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசைக்குக் கிற்றாரில் நான் அமைக்கும் மெட்டெல்லாம் சங்கராபரண ராகத்தின் ஆரோகணப் (ஏறுவரிசைப்) பயிற்சிபோலவே ஒலிக்கிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். கோர்ட் மாறும் தாளத்தட்டில் அந்தக் கோர்ட்டுக்குரிய சுரமொன்றையே பிடிக்குமாறு நீங்கள் சொன்னதை, கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் இரைச்சலுக்கிடையே (அதுவும் ஒரு தாளந்தான்) ஒரு வாரம் பழகினேன். முதல் தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் வரும் ஈ சுரம், சி கோர்ட்டிலும் ஏ மைனரிலும் இருப்பதால் அதை அசைக்காமல் நீட்டி, எஃப் வந்ததும் முதலாம் பிரெட்டுக்கு (fret, கழுத்திலுள்ள குறுக்குக் கட்டை) அரைச்சுரம் ஏறி, ஜி-யில் இரண்டாம் தந்தியின் மூன்றாம் பிரெட்டிலுள்ள டீ-க்கு இறங்கினேன். மூன்றே சுரங்கள், ஆனால் பாட்டாகிவிட்டது. மற்றச் சுரங்கள் இப்போது இடைவழியில் மட்டுமே வருகின்றன. மீண்டும் சி-க்குத் திரும்பும்போது பீ-யிலிருந்து சி-க்கு ஏறுவது எனக்குத் திகட்டுகிறது. டீ-யிலிருந்து ஈ-க்குப் போவதையே வைத்துக்கொண்டேன்.