பெட்டியில்லா ஸ்பீக்கர்: தவிலின் தொப்பி ஒலி கேட்கவில்லை

கிளிநொச்சியில் வீட்டிலேயே பெட்டி இல்லாமல் வெறும் பலகையில் ஒரு சோடி ஸ்பீக்கர் செய்தேன். அடி ஒலி (பாஸ்) அறவே வரவில்லை. மூன்று வாரமாக முட்டி மோதுகிறேன்.

பலகை 18 மில்லிமீற்றர் பிளைவூட். அகலம் 60, உயரம் 100 சென்ரிமீற்றர். 12 அங்குல, 8 ஓம் வூஃபர் (பாஸ் ஸ்பீக்கர்), க்யூடிஎஸ் (கூம்பின் அதிர்வு எவ்வளவு அடக்கப்படுகிறது என்பதைக் காட்டும் எண்) 0.38 என்று அதன் தாளில் இருக்கிறது. மேலே மற்ற ஒலிகளுக்கு 4 அங்குல ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர். வூஃபரின் கூம்பருகே காதை வைத்தால் தவிலின் தொப்பி (அடி ஒலி தரும் பக்கம்) அதிர்கிறது. மூன்று மீற்றர் தள்ளி அப்பாவின் கதிரையில் அமர்ந்தால் வலந்தலை (கூரிய ஒலி தரும் மறுபக்கம்) மட்டும்தான் கேட்கிறது. அவருக்காகத்தான் இவ்வளவு பாடும்.

வயர்களின் பிளஸ், மைனஸ் இரண்டு முறை சரிபார்த்தேன். சுவரிலிருந்து ஒரு மீற்றர் முன்னே நகர்த்தினேன். இரு பக்கமும் 25 சென்ரிமீற்றர் சிறகுப் பலகை அடித்ததில் சற்றே முன்னேற்றம். ஆம்ப்ளிஃபையரில் பாஸைக் கூட்டினால் கூம்பு எல்லைவரை ஓடித் தட்டுகிறது. கூம்பின் முன்னாலும் பின்னாலும் வரும் ஒலி அலைகள் ஒன்றையொன்று அழிப்பது விளங்குகிறது, ஆனால் இவ்வளவா?

கையில் மிச்சம் 9,000 ரூபாதான். இதே வூஃபரை எச் வடிவச் சட்டத்தில் (எச் எழுத்துப் போல் அடித்த பலகைகளின் நடுக்குறுக்கில்) பொருத்தினால் போதுமா, அல்லது க்யூடிஎஸ் 0.7க்கு மேற்பட்ட வூஃபர்தான் வாங்க வேண்டுமா?