ஒரே லன், ரெண்டு சேர்வர்: எக்ஸ்எப்எஸ் காணாதா?

கல்லடி_வாவி
மட்டக்களப்பில ஒரு அலுவலகத்துக்குத் திட்டம் போடுறம். ரெண்டு லினக்ஸ் சேர்வர், நடுவில நெட்வேர்க் வழியா டிஸ்க் குடுக்கிற ஒரு ஐஸ்கசி ஸ்டோரேஜ் பெட்டி, அதில 8 டெராபைட் லன் (சேர்வருக்கு ஒரு டிஸ்க் மாதிரித் தெரியிற பங்கு) ஒண்டு. அந்த லன்னை எக்ஸ்எப்எஸ் பைல் சிஸ்டமா (டிஸ்க்கில கோப்புகளை ஒழுங்குபடுத்துற முறை) ரெண்டு சேர்வரிலயும் மவுண்ட் பண்ணினா (இணைச்சா) என்ன? ஒண்டு எழுதும், மற்றது வாசிக்க மட்டும். பல சேர்வர் ஒரே டிஸ்க்கைப் பகிர எண்டே இருக்கிற ஜிஎப்எஸ்2, ஓசிஎப்எஸ்2 எல்லாம் தேவையில்லாத தலையிடியாத் தெரியுது.

ஒலுவில்_காக்கா
தம்பி, அத மட்டும் செய்யாதீங்க. ஸ்டோரேஜ் பெட்டிக்குத் தெரிஞ்சது பிளொக் (டிஸ்க்கிட சின்னத் துண்டு) நம்பர்தான். எந்த பிளொக் எந்தக் கோப்புட, எது வெறுமை எண்ட கணக்கு பைல் சிஸ்டத்திட்ட இரிக்கி. எக்ஸ்எப்எஸ்ஸும், அது மாதிரி இன்னொரு பைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4உம் அந்தக் கணக்கில பாதிய எந்நேரமும் ரேமில வெச்சிருக்கும். இந்த டிஸ்க்க வேற ஆரும் தொடமாட்டாங்க எண்ட நம்பிக்கையிலதான் அதுகள எழுதியிரிக்காங்க.

"வாசிக்க மட்டும்" எண்டாலும் தப்பாது. ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணினாலும் எக்ஸ்எப்எஸ் முதல்ல ஜேர்னலப் (செய்யப்போற மாற்றங்கள முதல்ல குறிச்சி வெக்கிற பதிவு) பார்க்கும். அடுத்த சேர்வர் வேலை செஞ்சிக்கிட்டு இரிக்கிறதால அது முடியாத ஜேர்னலாத்தான் தெரியும். உடனே அத ரீப்ளே பண்ணி (அதில குறிச்ச மாற்றங்களத் திருப்பிச் செஞ்சி) டிஸ்க்கில எழுதிடும். நோரெக்கவரி எண்ட மவுண்ட் தெரிவப் போட்டு அதத் தடுத்தாலும், இந்தப் பக்கம் கேஷில (ரேமில வெச்சிரிக்கிற பிரதியில) கிடக்கிறது பழைய டிரெக்டரி. அந்த பிளொக்குகள அங்கால வேற கோப்புக்குக் குடுத்த பிறகும் இவர் பழைய பேரில புது ஆள்ட தரவ வாசிச்சிக்கிட்டு இரிப்பார். பிறகு செக்சம் (தரவு சரியா எண்டு பார்க்கிற எண்) பிழைச்சி பைல் சிஸ்டம் தானாவே மூடிக்கொள்ளும்.

நம்மட வயல்ல தண்ணியப் பங்கிடுற வட்டை விதானை இல்லாம, ரெண்டு பேர் ஆளுக்கொரு கொப்பியில கணக்கெழுதி ஒரே வாய்க்கால மறிச்சிக் கட்டினா என்ன நடக்கும்? ஜிஎப்எஸ்2இல அந்த விதானைட பேர் டிஎல்எம், சேர்வர்களுக்கிடையில லொக்குகளப் பங்கிடுறவர். ஒரு ஐநோட (கோப்பு ஒண்டுட விபரப் பதிவ) தொட முதல் அவர்ட்டக் கேட்டு லொக் (பூட்டு) எடுக்கணும்.

பட்டிப்பளையான்
காக்கா சொன்ன முதல் பகுதி சரி. ஆனா விதானை சும்மா வேலை செய்யமாட்டார், அதையும் சொல்லுங்க. 'அ' சேர்வரிட்ட ஒரு கோப்பின்ட எழுதுற லொக் இருக்கேக்க 'ஆ' கேட்டா, 'அ' தன்ட ஜேர்னலைத் தள்ளி, எழுதாமக் கிடந்த தரவை டிஸ்க்கில எழுதி, கேஷையும் வெறுமையாக்கிப்போட்டுத்தான் லொக்கை விடும். ரெண்டு பக்கமும் ஒரே டிரெக்டரியில கோப்பு உண்டாக்கினா லொக் பந்து மாதிரி அங்கயும் இங்கயும் ஓடும். ஒரு சேர்வரில கண்மூடித் திறக்க முதல் முடியிற வேலை இழுபடும். ஏடைம் (கோப்பைக் கடைசியா வாசிச்ச நேரம்) பதியிறதை நிப்பாட்டாட்டி வெறும் வாசிப்புக்கும் எழுதுற லொக் கேக்கும்.

இதைவிட லேசான வழி கிடக்கு. எக்ஸ்எப்எஸ் ஒரு சேர்வரில மட்டும். மற்றவங்க என்எப்எஸ் (நெட்வேர்க் வழியாக் கோப்புப் பகிருற முறை) வழியா வரட்டும். டிஸ்க்குக்கு ஒரே ஒரு சொந்தக்காரன், சண்டையே இல்லை.

ஒலுவில்_காக்கா
ஏடைம் பதியாம விடுற நோஏடைம் போட்டு, ஒவ்வொரு நோடுக்கும் (கிளஸ்டரில இரிக்கிற சேர்வருக்கும்) தனி டிரெக்டரி பிரிச்சிக் குடுத்தா அந்த இழுபறி பெரும்பாலும் குறையும். ஜிஎப்எஸ்2வ 85 வீதத்துக்கு மேல நிரப்பவும் கூடா. என்எப்எஸ்ஸிலயும் கேஷ் இரிக்கிதானே? கோப்பு ஒண்டுட அளவு, நேரம் போன்ற விபரங்கள கிளையண்ட் 3 செக்கனில இருந்து 60 செக்கன் வரைக்கும் பழசாவே நம்பிக்கிட்டு இரிக்கும். ஜிஎப்எஸ்2இல ஒருவர் எழுதினது அடுத்தவருக்கு உடனே தெரியும்.

அந்த ஒரே சொந்தக்காரன் விழுந்தா என்ன செய்வீங்க?

பட்டிப்பளையான்
பேஸ்மேக்கர் எண்ட கிளஸ்டர் மென்பொருள் அடுத்த சேர்வரில மவுண்ட் பண்ணி மிதக்கும் ஐபியையும் (சேர்வர் மாறினாலும் மாறாத முகவரி) கொண்டுபோகும். கிளையண்டுகள் பழைய லொக்குகளைத் திருப்பி எடுக்க விடுற என்எப்எஸ் கிரேஸ் நேரம் வழமையா 90 செக்கன். அலுவலகத்துக்கு அது ஒரு பிளேன்டி குடிக்கிற நேரம்.

உங்கட வழியில கரண்ட் போனா என்ன நடக்கும் எண்டு பாருங்க. ஒரு சேர்வரின்ட பவர் முழுக்கப் போனா, தூரத்தில இருந்து அதை நிப்பாட்ட உதவுற ஐபிஎம்ஐயும் சேர்ந்து சாகும். மிஞ்சின நோட் ஃபென்சிங் செய்ய (மற்றதை டிஸ்க்கைத் தொடவிடாம வெட்டிவிட) ஐபிஎம்ஐயைக் கூப்பிடும், பதில் வராது. ஆள் செத்தது உறுதியாகாட்டி ஜிஎப்எஸ்2 அசையாது. நல்லா இருக்கிற சேர்வரும் சேர்ந்து தொங்கும். மழைகாலத்தில இஞ்ச இது அருமையா நடக்கிற விசயமா?

ஒலுவில்_காக்கா
ஐபிஎம்ஐய மட்டும் நம்பினா அப்படித்தான். ஸ்கசி பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன் (பெட்டியில சாவி பதிஞ்ச சேர்வர மட்டும் எழுதவிடுற முறை) வழியா ஃபென்சிங் வெச்சா, செத்த நோட்ட சாவிய ஸ்டோரேஜ் பெட்டியிலயே அழிச்சிடலாம். அங்கால கரண்ட் இரிந்தா என்ன, இல்லாட்டி என்ன. பெட்டி அதுக்கு இடம் குடுக்குதா எண்டு வாங்க முதலே பார்க்கணும்.

நீங்க சொன்ன பேஸ்மேக்கர் வழிக்கும் ஃபென்சிங் கட்டாயம். நெட்வேர்க் வயர் கழண்டதுக்கு 'ஆ' சேர்வர், 'அ' செத்துட்டு எண்டு நெனச்சி மவுண்ட் பண்ணினா, தம்பி முதல்ல கேட்ட அதே அழிவுதான். ஜிஎப்எஸ்2ஆவது தொங்கி நிண்டு தரவக் காப்பாத்தும். எக்ஸ்எப்எஸ் நிக்காது, எழுதிக்கிட்டே போகும்.

பட்டிப்பளையான்
அது சரி, ஒப்புக்கொள்ளுறன். ஃபென்சிங் இல்லாத தானியங்கி மாத்தலை நானும் சொல்லமாட்டன்.

ஆனா ரெண்டு நோட் கிளஸ்டரில இன்னொரு பொறி கிடக்கு. நோடுகள் உயிரோட இருக்கா எண்டு பார்க்கிற கோரோசிங்கில டூ நோட் அமைப்பைப் போட்டா, எல்லாரும் வரும்வரை காத்திருக்கிற அமைப்பும் தானா ஓடத் தொடங்கும். ரெண்டு சேர்வரும் நிண்டு கரண்ட் திரும்பி வரேக்க ஒண்டு எழும்பாட்டி, மற்றது தனிய ஒண்டும் தொடங்காது. மூண்டாவதா ஒரு சின்ன மெஷினில கியூடிவைஸ் (மூண்டாவது வாக்குக் குடுக்கிறது) வச்சு, டூ நோட் வரியை எடுத்துவிட்டாத்தான் தப்பலாம். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10இல ஜிஎப்எஸ்2 ஆதரவையே நிப்பாட்டிட்டாங்க. புதுசாத் தொடங்கிறவருக்கு இதைக் குடுக்கலாமா?

வாழைச்சேனை_நெற்
ஈஎக்ஸ்டி4இல எம்எம்பி எண்டு ஒரு காவல் கிடக்கு. இன்னொரு சேர்வர் மவுண்ட் பண்ணியிருக்கிறதைக் கண்டா ரெண்டாவது மவுண்டை மறுக்கும். வழமையா அது ஓஃப், டியூன்2எப்எஸ் கட்டளையால போடவேணும். இது தடுக்கிறதுக்கு மட்டும், பகிர உதவாது. எக்ஸ்எப்எஸ்ஸில அப்படி ஒண்டும் இல்லை. அது யூயூஐடி (பைல் சிஸ்டத்தின்ட தனி அடையாள எண்) பார்க்கிறது ஒரே மெஷினுக்குள்ள மட்டும்தான்.

கல்லடி_வாவி
25 பேர், எல்லாம் விண்டோஸ், பெரும்பாலும் எக்செல், ஸ்கேன் பண்ணின கடிதம். அரை மணித்தியாலம் நிண்டாலும் பாதகமில்லை.

ஒலுவில்_காக்கா
இத முதல்லயே சொல்லியிரிந்தா நான் இவ்வளவு எழுதியிரிக்க மாட்டன். ரெண்டு நோட்டில இரிந்தும் ஒரே நேரத்தில சம்பா (விண்டோஸுக்குக் கோப்புப் பகிருற மென்பொருள்) குடுக்கிறதுக்கு, ரெண்டையும் ஒத்துப்போகச் செய்யிற சிடிடிபியும் வேணும். 25 பேருக்கு அது வேணாம். விஎம் (மெய்நிகர் கணினி) இமேஜ், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில ஓடுற அப்ளிகேஷன் எண்டு வந்தா ஜிஎப்எஸ்2, ஓசிஎப்எஸ்2 பத்தி மறுகா கதைப்பம்.

பட்டிப்பளையான்
அப்ப இப்பிடிச் செய்யுங்க, தம்பி. எக்ஸ்எப்எஸ்ஸும் சம்பாவும் 'அ'வில. 'ஆ'வில அதே சம்பா அமைப்பைப் பிரதி பண்ணி வையுங்க, எப்எஸ்டாப் கோப்பில அந்த லன்னுக்கு, தானா மவுண்ட் ஆகாம இருக்க நோஓட்டோ போடுங்க. ஸ்டோரேஜ் பெட்டியின்ட ஏசிஎல்லில (அனுமதிப் பட்டியலில) ஒரு நேரத்தில ஒரு சேர்வரின்ட இனிஷியேட்டர் பேர் (ஐஸ்கசியில அதின்ட அடையாளம்) மட்டும் இருக்கட்டும். 'அ' விழுந்தா கையால பேரை மாத்துங்க, பிறகு 'ஆ'வில லொகின் பண்ணி மவுண்ட் பண்ணுங்க. பேக்கப் வேற டிஸ்க்குக்குத் தனியாப் போகவேணும், ரெண்டு சேர்வர் இருக்கிறது பேக்கப் இல்லை.

ஒலுவில்_காக்கா
அதில ஒண்டு விட்டுட்டீங்க. ஏசிஎல்ல மாத்தினா ஏற்கனவே ஓடுற செஷன் (இணைப்பு) அறும் எண்டு நம்ப ஏலாது. 'அ' தொங்கிக்கிட்டு இரிந்து பிறகு முழிச்சா, பழைய செஷன் வழியாவே எழுதும். பெட்டியில போய் அந்த செஷன அறுத்து, செஷன் பட்டியல்ல இல்ல எண்டு கண்ணால பார்த்த பிறகுதான் 'ஆ'வில மவுண்ட். சந்தேகமெண்டா 'அ'ட பவர் கேபிளக் கழட்டுங்க.