கந்தளாய்க்குத் தினமும் போய்வர மின்சாரக் கார் கட்டுப்படியாகுமா?

உப்புவெளி ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு திருகோணமலை உப்புவெளியில், படிப்பிப்பது கந்தளாயில். போக வர 84 கிலோமீற்றர், மாதத்தில் 22 நாள். ஓடுவது 2015 வாகன் ஆர் ஹைபிரிட், பெற்றோல் எஞ்சினுக்குச் சின்னப் பற்றரி உதவும் கார். கடன் இல்லை, கடன் முடிந்து இரண்டு வருடமாகிறது. கந்தளாய் வீதி நல்ல வீதி என்பதால் லீற்றருக்கு 19 கிலோமீற்றர் தருகிறது. ஆனாலும் மாதம் 29,000 ரூபா பெற்றோலுக்கே போகிறது.

என் கணவர் இரண்டு மாதமாக ஒரே பாட்டு: இதை விற்றுவிட்டுப் புதிய சீன மின்சாரக் கார் ஒன்று எடுப்போம் என்கிறார். வாகன் ஆருக்கு 55 இலட்சம் தர ஆள் இருக்கிறது. அவர் பார்த்து வைத்திருக்கும் கார் ஒரு கோடியை ஒட்டி வருகிறது. "பெற்றோல் செலவே இல்லையே" என்பதுதான் அவருடைய ஒரே வாதம். வீட்டு மின்சார பில் இப்போது 110 அலகைத் தாண்டுவதில்லை, 3,000 ரூபாவுக்குள் முடிந்துவிடும்.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதை நினைத்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. இங்கே சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் மிஞ்சி நிற்பவை மட்டும் தொண்ணூற்றொன்பது. அந்த ஊரில் இருந்துகொண்டு இரண்டு இரவு காருக்குள் படுத்த ஆள் நான். ஆசைக்கும் கணக்குக்கும் இடையில் யாராவது கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்கள். கையில் வைத்து ஓட்டுபவர்கள் சொன்னால் நல்லது.

கிண்ணியாப் பாலம்:

ரீச்சர், நான் கார்க்காரன் இல்லை. மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். கிண்ணியாவிலிருந்து ரவுணுக்குத் தினமும் போய்வருகிறேன். பெற்றோல் கடையை மறந்தே போனேன். 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றார்கள். அந்தக் கோபத்தில் பிறகு வாங்கியது. உங்கள் தூரத்துக்கு இது சரிவராது என்பது தெரியும். ஆனால் இந்தத் தலைப்பை வாசிக்க வரும் மற்றவர்களுக்கும் சொல்லி வைக்கிறேன்: ரவுணுக்குள்ளேயே ஓடுபவர்களுக்குக் கார் எதற்கு?

பழைய வயர்மன்:

ரீச்சர், எனக்கு வயது 63. முப்பது வருடம் வீட்டு வயரிங் வேலை செய்தவன். 2014 நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றை நான்கு வருடமாக ஓட்டுகிறேன். முதல் நாளிலிருந்து கொப்பியில் கணக்கு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல உரிமை உண்டு.

உங்கள் கணவர் சொல்வது பாதி உண்மை. மின்சாரக் கார் பெற்றோல் குடிக்காது. ஆனால் மின்சாரம் குடிக்கும், அதுவும் உங்கள் பில்லின் மேல்படியில் இருந்து குடிக்கும். இதைத்தான் விற்கிறவன் சொல்ல மாட்டான்.

கணக்கைப் பாருங்கள். சின்ன மின்சாரக் கார் சுவரிலிருந்து எடுக்கும் ஓர் அலகுக்கு 6 கிலோமீற்றர் ஓடும் என்று வையுங்கள். கம்பனி இதைவிடக் கூடச் சொல்லும். ஆனால் சார்ஜ் ஏற்றும்போது சூடாகிப் போகும் மின்சாரத்துக்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள், ஏசியும் போடாமல் கந்தளாய்க்குப் போக முடியாது. மாதம் 1,848 கிலோமீற்றருக்கு 308 அலகு. உங்கள் 110உடன் சேர்த்தால் 418.

நம் நாட்டு வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. 2025 ஜூன் கட்டணப்படி முதல் 60 அலகு ஒவ்வொன்றும் 13 ரூபாவுக்குள். 180ஐத் தாண்டியதும் ஓர் அலகு 61 ரூபா. உங்கள் காரின் பசியில் முக்கால்வாசி அந்த 61 ரூபாப் படியில்தான் விழும். 3,000 ரூபா பில் 21,000ஐத் தாண்டிவிடும். அதாவது 29,000 பெற்றோலுக்குப் பதில் 18,000க்கும் கூட மின்சாரம். மிச்சம் 10,500 அளவில். எஞ்சின் எண்ணெய், வடிகட்டி, சர்வீஸ் என்று மாதத்துக்கு ஒரு 4,500 சேர்த்துக்கொள்வோம். மொத்தம் 15,000.

இனி மற்றப் பக்கம். 55இல் இருந்து ஒரு கோடிக்குப் போக 45 இலட்சம் வேண்டும். லீசிங்கில் எடுத்தால் நூற்றுக்கு 12 என்று வைத்தாலும் முதல் மாதத்தில் வட்டி மட்டும் 45,000. கைக்காசு என்கிறீர்களா? அதே காசை வங்கியில் நிலையான வைப்பில் 8 வீதத்துக்குப் போட்டால் மாதம் 30,000 வரும். அதை விட்டுவிட்டு 15,000 மிச்சம் பிடிப்பதற்குப் பெயர் சிக்கனமா?

இரவுக் கட்டணம் என்று ஒன்றும் இருக்கிறது, இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை. மேல்படி விலையை விட மிகவும் குறைவு. ஆனால் அந்த முறைக்கு மாறினால் மாலை 6.30 முதல் 10.30 வரை சமையலும் டிவியும் விலை ஏறும். உங்கள் இணைப்புக்கு அது கிடைக்குமா என்று மின்சார அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

அப்படியானால் நான் ஏன் மின்சாரக் கார் ஓட்டுகிறேன்? மலிவாக, பழசாக வாங்கினேன். ஓடுவது ஒரு நாளைக்கு 30 கிலோமீற்றர், நிலாவெளிக்கும் ரவுணுக்கும் இடையில். கூரையில் 2018இலேயே சோலார் போட்டுவிட்டேன். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் இப்போது உங்களுக்கு வேறு கதை சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஏமாந்தவன்:

வயர்மன் ஐயா, பழைய லீஃப் என்று சொன்னதும் என் வயிறு எரிகிறது. நான் வாங்கிய வண்டியும் அதே 2014 லீஃப்தான். கொழும்பில் ஒரு விற்பனையாளர் காட்டியபோது பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் மானியில் பன்னிரண்டு கட்டமும் எரிந்தது. புது வண்டி போல இருக்கிறதே என்று மகிழ்ந்து காசைக் கொடுத்தேன். ஊருக்கு வந்து ஐந்தாம் வாரம் எட்டுக் கட்டம். யாரோ மானியை அழித்து முதலிலிருந்து எண்ண வைத்திருக்கிறார்கள். பற்றரி பழைய பற்றரிதான், பொய் சொன்னது திரை.

ரீச்சரும் மற்றவர்களும் ஒன்று செய்யுங்கள். வாங்கும் முன் காரின் கணினியை வாசிக்கும் சின்ன ஓபிடி கருவி ஒன்றைச் செருகி, பற்றரியின் உண்மை நிலையைப் போனில் லீஃப்ஸ்பை என்ற செயலியில் பாருங்கள். கட்டத்தை நம்பாதீர்கள். அதோடு 40 கிலோமீற்றர் ஓட்டிப் பார்த்து எத்தனை வீதம் இறங்குகிறது என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய வயர்மன்:

தம்பி, உங்களுக்கு நடந்தது பலருக்கும் நடந்திருக்கிறது. இந்த லீஃபின் பற்றரிக்குத் திரவக் குளிர்விப்புக் கிடையாது. ஜப்பான் குளிருக்குத் தாங்கும், திருகோணமலையின் ஆடி வெயிலுக்கு எப்படித் தாங்கும்? என்னுடையதில் ஒன்பது கட்டம் நிற்கிறது. 24 கிலோவாற் மணி பற்றரி, இப்போது ஏசி போட்டால் 85 கிலோமீற்றர்தான். ரீச்சரின் தூரம் 84. கந்தளாயில் ஒரு தேநீர் குடிக்க அங்கே இங்கே திரும்பினால் வரும் வழியில் தம்பலகாமத்துச் சந்தியில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். ஆகவே பழைய லீஃப் அவருக்கு வேண்டாம். அந்தக் கதவை மூடிவிடுவோம்.

புதிய சீனக் கார்களில் பெரும்பாலும் இரும்புப் பொஸ்பேற் பற்றரி. அது வெப்பத்தையும் தினமும் ஏற்றி இறக்குவதையும் நன்றாகத் தாங்கும். அந்த வகையில் உங்கள் கணவரின் தெரிவு தவறில்லை. விலைதான் தடுக்கிறது.

இன்னொன்று, இது என் தொழில் பற்றியது. 84 கிலோமீற்றருக்கு ஓர் இரவில் 14 அலகு ஏற்ற வேண்டும். சாதாரண மூன்று முள் பிளக்கில் ஆறு மணித்தியாலம் போதும், பெட்டி வைத்த சார்ஜர் வேண்டும் என்று யாரும் பயமுறுத்த விடாதீர்கள். ஆனால் ஆறு மணித்தியாலம் 10 அம்பியர் தொடர்ந்து ஓடுவது அயன்பெட்டி போல அல்ல. சென்ற வருடம் நிலாவெளியில் ஒரு வீட்டில் பிளக் சுவரோடு உருகி ஒட்டியிருந்தது. கடற்காற்றில் பித்தளை முள் பச்சை பிடித்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. பிரதான பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிறேக்கர், நல்ல மண் தொடுப்பு (எர்த்). இது மூன்றும் இல்லாமல் கார் வாங்காதீர்கள். கார் இல்லாவிட்டாலும் மண் தொடுப்பைப் பாருங்கள். உப்புவெளி மணலில் ஈரம் நிற்காது, பழைய வீடுகளில் பெயருக்கு ஒரு கம்பி நட்டிருப்பார்கள்.

வன்னிப் பாதை:

எல்லோரும் கந்தளாய்க் கணக்கையே போடுகிறீர்கள். நான் மாதம் ஒருமுறை கொழும்புக்கு ஓடுகிறேன், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக 260 கிலோமீற்றர். மின்சாரக் காரில் வழியில் ஓரிடத்திலாவது நிறுத்திக் காத்திருக்க வேண்டும், அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றால் இரண்டு மடங்கு. அதுவும் பழைய ஜப்பான் வண்டிக்கு ஒரு பிளக், புதிய சீன வண்டிக்கு வேறு பிளக்.

மின்சாரத்தை மட்டும் நம்பி இருப்பதும் பயம்தான். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்ததற்கு முழு நாடும் இருண்டது. நவம்பரில் டித்வா புயல். ஹைபிரிட்டை விற்காதீர்கள், ரீச்சர்.

கிண்ணியாப் பாலம்:

புயல் நேரத்தில் பெற்றோல் கடையும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது, அண்ணன்.

உப்புவெளி ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. வயர்மன் ஐயாவின் கணக்கை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கணவருக்குக் காட்டினேன். 61 ரூபா என்ற இடத்தில் பேச்சு நின்றுவிட்டது. பிறகு மனிதர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "அப்படியானால் சோலார் போட்டால்?" என்று கேட்கிறார். ஐயா, கார் பகலில் கந்தளாயில் நிற்கும். வெயில் அடிப்பது உப்புவெளிக் கூரையில். இது எப்படிச் சரிவரும்?

பழைய வயர்மன்:

உங்கள் கணவர் கெட்டிக்காரர், கொஞ்சம் பிந்தி வருகிறார், அவ்வளவுதான்.

கார் எங்கே நின்றாலும் பரவாயில்லை. பகலில் உங்கள் கூரையிலிருந்து மின் வலையமைப்புக்கு அனுப்பும் அலகு, இரவில் நீங்கள் எடுக்கும் அலகில் கழியும். 308 அலகுக்கு 3 கிலோவாற் போதும். இங்கே ஒரு கிலோவாற் பலகைக்கு நாளொன்றுக்குச் சராசரி நான்கு அலகு வருகிறது என்று என் கொப்பி சொல்கிறது. மார்கழி மழையில் குறையும், பங்குனியில் கூடும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. உங்கள் வீட்டுக்கு மட்டும் சோலார் போட்டால் 3,000 ரூபா பில்தான் மிச்சம், வீண் செலவு. கூடுதல் அலகை விற்கலாம் என்றால் புதிதாகச் சேருபவர்களுக்கு 2025இல் ஓர் அலகுக்கு 21 ரூபாவுக்கும் குறைவாகத்தான் தந்தார்கள். ஆனால் அதே அலகு 61 ரூபாப் படியில் விழ இருந்த ஒன்றை வெட்டினால் அதன் பெறுமதி 61. சோலார் இல்லாமல் கார் கட்டாது, கார் இல்லாமல் சோலார் கட்டாது. இரண்டையும் சேர்த்தால் உங்கள் 29,000உம் சர்வீஸ் 4,500உம் மிச்சம், 33,500. வைப்பு வட்டியில் இழப்பது காருக்கு 30,000, அதன் மேல் சோலார் முதலுக்கான வட்டி. கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய சமம்.

சமம் என்றால் ஏன் அவசரம்? வாகன் ஆர் நன்றாக ஓடுகிறது, விலையும் பிடித்து நிற்கிறது. அந்தச் சீனக் காரை ஏழு வருடம் கழித்து யார் என்ன விலைக்குக் கேட்பார்கள் என்று எனக்கு எந்தக் கொப்பியும் சொல்லவில்லை. உங்களிடம் கார் எதுவுமே இல்லாமல், எப்படியும் புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்றிருந்தால், மின்சாரத்தையே எடுங்கள் என்று முதல் வரியிலேயே எழுதியிருப்பேன். அப்போது இடைவெளி 45 இலட்சம் இல்லை.

உப்புவெளி ரீச்சர்:

அப்படியே வைத்துக்கொள்கிறோம், ஐயா. வாகன் ஆரின் ஹைபிரிட் பற்றரி கையை விரிக்கும் வரை அதுவே ஓடட்டும். ஆனால் கணவருக்கு ஒருமுறை மின்சாரக் காரை ஓட்டிப் பார்க்காமல் மனம் ஆறாது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் லீஃபைக் காட்டுவீர்களா? வரும்போது எங்கள் வீட்டு மண் தொடுப்பையும் ஒருமுறை பார்க்க வேண்டும். கூலியை நீங்களே சொல்லுங்கள்.

பழைய வயர்மன்:

மண் தொடுப்புப் பார்க்கக் கூலி வேண்டாம், தேநீர் போதும். காலை எட்டு மணிக்கு முன் கோட்டைப் பக்கம் வாருங்கள், வீதி வெறுமையாக இருக்கும். கணவரிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள், மெதுவாக ஓட்ட வேண்டும். இந்த வண்டி வருவது அங்கே படுத்திருக்கும் மான்களுக்குக் காதில் விழுவதே இல்லை.