ரணிலுக்குப் போடுவதா? 2024இல் எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதம்

2024 செப்டெம்பர் 21 இலங்கை ஜனாதிபதித் தேர்தல். அதற்கு முந்தின ஞாயிறு யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு மாமா வந்திருந்தார். அக்காவும் கிளிநொச்சியிலிருந்து லீவில் வந்து நின்றா. மாமா ஆட்டோ ஓடுகிறவர், அக்காவுக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. சாப்பிட்டுக் கை கழுவ முன்னமே தொடங்கிவிட்டது.

"நான் இந்த முறை சிலிண்டருக்குத்தான்" என்றார் மாமா. அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க சுயேச்சையாக நின்றார், சின்னம் எரிவாயு சிலிண்டர்.

"அதைப் பாத்தாலே எனக்கு காஸ் வரிசைதான் ஞாபகம் வருது, மாமா."

"அதுக்காகத்தான் பிள்ளை போடுறன். இப்ப வரிசை நிக்குதே?"

2022இல் மாமா பெற்றோல் செட்டடியில் மூன்று இரவு ஆட்டோவுக்குள்ளேயே படுத்தவர். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் வாங்கும் பங்கீட்டு முறை வந்தபோது ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான், ஆனால் அவருக்கு அதுவே பெரிய நிம்மதி. அந்த வருடம் செப்டெம்பரில் 70 வீதம் வரை போன பணவீக்கம், தேர்தல் நேரம் ஒரு வீதத்துக்கும் கீழே. 360 ரூபாவைத் தாண்டிய டொலர் 300 அளவில் நின்றது. மின்கட்டணத்தையும் மார்ச்சிலும் யூலையிலும் குறைத்திருந்தார்கள். இதையெல்லாம் மாமா மனப்பாடமாகச் சொன்னார். ஒன்றும் பொய்யில்லை.

அக்கா சத்தம் போடவில்லை. "விலை ஏறுறது நிண்டது சரி. ஏறின விலை இறங்கினதோ?" என்று கேட்டா. 2022 நடுப்பகுதி வரை 8 வீதமாக இருந்த வற் (பெறுமதி சேர்) வரி 2024 ஜனவரியில் 18 ஆனது. அதுவரை விலக்கு இருந்த சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் அதே வரி. அவவை உண்மையில் சுட்டது வேறொன்று. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களை, மாற்றினார்கள். "வங்கியளிட்ட இருந்த முறியளைத் தொடேல்லை. எங்கட சம்பளத்தில மாதா மாதம் வெட்டின காசிலதான் கை வைச்சவை." அதைச் சொல்லும்போது அவவின் குரல் நடுங்கியது. நான் அதற்கு முன் அந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. "சனம் வாக்குப் போட்டு வந்த ஆளில்லையே, பாராளுமன்றத்தில 134 பேர் போட்டு வந்தவர்தானே" என்றேன். 2020இல் அவருடைய கட்சிக்குக் கிடைத்தது ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனம். மாமா என்னைத் திரும்பிப் பார்த்து, "சனம் போட்டுக் கொண்டு வந்தவர் என்ன செய்தவர், தம்பி? இரவோட இரவா நாட்டை விட்டு ஓடினவர்" என்றார். ரணிலுக்கு முன் ஜனாதிபதியாக இருந்த கோட்டாபயவைச் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை.

இரண்டு பேரும் ஒரே நாட்டைப் பற்றித்தான் கதைத்தார்கள். மாமா 2022 யூலையை வைத்து அளந்தார், அக்கா 2019ஐ வைத்து அளந்தா. 2019இலிருந்து 2022க்குள் வறுமை இரட்டிப்பானதாக உலக வங்கியே சொன்னது. என் மனம் அக்கா பக்கம்தான். நாட்டை நிமிர்த்தத்தான் வேண்டும், ஆனால் அந்தச் சுமையை யார் தலையில் வைத்தார்கள் என்று கேட்காமல் விடமுடியாது. அதற்காக மாமாவை ரணிலின் அடிவருடி என்று எவராவது சொன்னால் நான் விடமாட்டேன். மூன்று இரவு வரிசையில் கிடந்தவர் அவர்.

உங்கள் வீடுகளில் என்ன நடந்தது?

*

மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா பழைய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்காரர், காங்கிரஸ் ரணில் பக்கம். அண்ணனுக்குத் தமிழ் முற்போக்குக் கூட்டணி, அவர்கள் எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பக்கம். மே தினத்தில் கொட்டகலை மேடையில் ரணில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார். அன்று எங்கள் லயத்தில் வெடி போட்டார்கள். கம்பனிகள் வழக்குப் போட்டன, யூலையில் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம் என்று முடிவானது. மிச்சம் 350 ஊக்கக் கொடுப்பனவாம்.

அப்பா, "ஆயிரத்துல இருந்து ஏத்துனாரா இல்லையா?" என்று கேட்டார். அண்ணன், "சொன்னத கொடுத்தாரா இல்லையா?" என்றார். கொழுந்து எடுப்பது அம்மா. அவரிடம் இரண்டு பேரும் எதுவும் கேட்கவில்லை. இரவு என்னிடம் மட்டும் சொன்னார்: "கிலோ குறைஞ்சா அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான் போடுவாங்கப்பா. அத பத்தி எந்த மேடையிலயும் யாரும் பேசலயே."

*

மட்டக்களப்பு. எங்கள் அப்பா முதல் தெரிவான 1ஐ தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கும், இரண்டாம் தெரிவான 2ஐ ரணிலுக்கும் போட்டார். "தமிழனுக்கு ஒண்டு, பொருளாதாரத்துக்கு ஒண்டு" என்றார். யாருக்கும் 50 வீதம் கிடைக்காததால் இந்த நாட்டில் முதல் தடவையாக விருப்பு வாக்கு எண்ணினார்கள். ஆனால் முதல் இரண்டு இடத்தில் வந்த அனுரவுக்கும் சஜித்துக்கும் விழுந்த விருப்பைத்தான் எண்ணுவார்கள். ரணில் 17 வீதத்தோடு மூன்றாம் இடத்தில் வெளியேறிவிட்டார், அப்பாவின் இரண்டாவது கணக்கிலேயே வரவில்லை. அதை விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது.

*

ஹட்டன் தம்பிக்கு: அம்மா சொன்ன அரைப்பேர் விஷயத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். தொழிற்சாலையிலும் உற்பத்தி இலக்கு எட்டாவிட்டால் கொடுப்பனவை வெட்டுவார்கள் என்று சொன்னா. மாமா கேட்டுக்கொண்டே இருந்தார், அன்று ரணிலைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. புதிய அரசாங்கமும் ரணில் காலத்தில் தொடங்கிய சர்வதேச நாணய நிதியத்தின் அதே திட்டத்தைத்தான் கொண்டுபோகிறது. சேமலாப நிதியில் காசுள்ளவர்கள் யாராவது 2023க்குப் பிறகு உங்கள் மீதிக்கு வட்டி எப்படி விழுந்தது என்று எழுதுவீர்களா? அக்கா தன் சேமலாப நிதிக் கணக்குக்கூற்றை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறா.