அரிசோனாவின் அரவைப்பா ஓடையில் இரவு தங்கல்: எதிர்ப்பட்டவை, மறக்காதவை

ஓடைக்கரை:
அரிசோனா ஆட்களுக்கு ரிங்டெயிலை (ராக்கூன் குடும்பத்துச் சின்னப் பிராணி) அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, மாநில விலங்கே அதுதான். இரவு பத்து மணி. காட்டன்வுட் கிளையில், தரைக்குப் பத்தடி மேலே, சாப்பாட்டுப் பை. ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் இரண்டு கண், பின்னால் வரிவரியாக வால். கயிற்றில் தலைகீழாக இறங்கியது. பையின் முடிச்சைச் சீண்டவேயில்லை. அடித்தையலைக் கடித்துப் பிரித்ததும் முறுக்குப் பொட்டலம் பொத்தென்று கீழே. பின்னங்கால் பாதம் 180 டிகிரி திரும்பும் பிராணிக்குக் கயிறு மாடிப்படி மாதிரி. மரத்தில் தொங்கவிடும் வித்தையெல்லாம் இங்கே செல்லாது. திருகுமூடி போட்ட கெட்டி டப்பா வேண்டும், இல்லாவிட்டால் எஃகு வலைப் பை. டூத்பேஸ்ட், லிப் பாம், குப்பைக் கவர் எல்லாம் அதற்குள்ளேயே. டப்பாவைச் சரிவில் வைக்காதீர்கள், உருண்டு ஓடைக்குப் போய்விடும்.

கல்லுக்குள் தேரை:
கயிறு வரைக்கும் சரி. தையலைக் கடிச்சது ரிங்டெயில்தானா? ஓட்டையைச் சுத்தி துணித்தூள் மாவு மாதிரி கொட்டிக் கிடந்தா அது எலி வேலை. எலிக்கு வைத்தியமே வேற. ராத்திரி பையைக் காலி பண்ணி, எல்லா ஜிப்பையும் திறந்தே விட்டுடணும். மூடி வெச்சா, உள்ள என்னன்னு பார்க்கவே ஓட்டை போடும். இடுப்புப் பட்டை பாக்கெட்ல ஒரு வேர்க்கடலை தங்கினாலும் பாக்கெட் போச்சு. பகல்ல கோவாட்டி, அதுவும் ராக்கூன் குடும்பம்தான், நீள மூக்கு. வாலைக் கொடி மாதிரி தூக்கிக்கிட்டு கூட்டமா வரும். குளிக்கப் போறப்ப பையைத் திறந்து போட்டுட்டுப் போகாதீங்க.

மண்குதிரை:
எலி இருக்கட்டும். திடீர் வெள்ளத்துக்கு முன்னால் தண்ணீர் நிறம் மாறும் அந்த இரண்டு நிமிஷத்தை யாரும் எழுதவில்லையே?

ஆகஸ்ட் பிற்பகல், ஹார்ஸ் கேம்ப் கேன்யன் என்ற கிளைப் பள்ளத்தாக்கின் வாயருகே. தலைக்கு மேல் ஒரு மேகம் இல்லை. கணுக்கால் ஆழம், அடியில் கூழாங்கல்லை எண்ணலாம். முதலில் சுள்ளி மிதந்து வந்தது, பிறகு சருகும் நுரையும். அடுத்து டீயில் பால் ஊற்றியதுபோல் ஒரு கலங்கல், கூழாங்கல் மறைந்தது. இரைச்சல் கேட்டது அதற்கும் பிறகுதான். மழை பெய்தது கலியூரோ மலையில், மைல்கணக்கில் தள்ளி.

இரைச்சலுக்குக் காத்திருப்பவர் தப்புக்கணக்குப் போடுகிறார். சுள்ளியைப் பார்த்ததுமே பக்கவாட்டில் மேடேற வேண்டும். ஓடையோடு கீழ்நோக்கி ஓடினால் தண்ணீர்தான் ஜெயிக்கும். எதிர்க்கரையில் மாட்டியவர் வடியும்வரை அங்கேயே இருக்கட்டும்.

கூடாரம் போடுமுன் மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைகளில் காய்ந்த புல்லும் குச்சியும் கூடு மாதிரி சிக்கியிருக்கும். பழைய வெள்ளம் வந்த மட்டம் அது. அதற்கும் மேலே, மெஸ்கீட் முள்மரம் வளர்ந்த திட்டுதான் இடம். சமதளமாக, மெத்தென்று அழைக்கும் மணல் திட்டு ஓடையின் சொத்து.

கல்லுக்குள் தேரை:
அதான் அக்டோபர்ல போகச் சொல்றது. மழை செப்டம்பரோட முடிஞ்சிடும்.

மண்குதிரை:
1983-இல் தெற்கு அரிசோனாவைப் புரட்டிய வெள்ளம் உச்சத்துக்கு வந்தது அக்டோபர் தொடக்கத்தில்தான். ஆக்டேவ் என்ற பசிபிக் புயலின் மிச்சம். அரவைப்பாவையும் அது விடவில்லை. மாதத்தைப் பார்க்காதீர்கள், மலைப்பக்க வானிலையைப் பாருங்கள்.

ஈரச்செருப்பு:
யாரும் கேட்கலை, ஆனாலும் சொல்லிடறேன். பள்ளத்தாக்குக்குள்ள போற அனுமதிச் சீட்டுல நிறைய பேர் கோட்டை விடறாங்க. ஒரு நாளைக்கு 50 பேர்தான்: மேற்கு வாசல்ல 30, கிழக்குல 20. குழுவுக்கு உச்சம் 10 பேர், தங்கல் ரெண்டு ராத்திரி, நாய்க்கு இடமில்லை. வசந்தகால வாரக்கடைசி வேணும்னா முன்பதிவு திறந்த அன்னைக்கே போடுங்க. எந்த வாசலுக்குச் சீட்டோ அந்த வாசல்லதான் நுழையணும். கிழக்கு வாசல், கிளாண்டைக் பக்கம், ஓடையைக் கார்லயே கடக்கணும், தாழ்வான கார் வேண்டாம். ஒரு முனையில இறங்கி மறுமுனையில ஏறலாம்னு நினைக்கறவங்க, ரெண்டுக்கும் நடுவுல சாலை வழி பல மணி நேரம்ங்கறதை மறக்காதீங்க. போன வழியே திரும்பறதுதான் சுலபம். உள்ள போன் சிக்னலும் கிடையாது.

முழு நீளம் ஏறக்குறைய 12 மைல். பாதைன்னு ஒண்ணு கிடையாது, தண்ணிக்குள்ளயேதான் பாதி நடை. பத்து மணி நேரம் வெச்சுக்கங்க. தோல் பூட்ஸ் வேண்டாம், நனைஞ்சா காயாது. தண்ணி வடியற வலைத்துணி ஷூ, மணல் புகாம கணுக்கால் உறை. கொப்புளம் வர்றது ஈரத்தால மட்டும் இல்லை, ஊறின தோல்ல மணல் உரசறதால. மணிக்கொரு தடவை ஷூவைக் கழட்டி உதறுங்க. குளிர்காலத்துல நியோப்ரீன் (குளிர் தாங்கற ரப்பர்) சாக்ஸ்.

குடிக்கற தண்ணி: கலங்கினதை நேரா ஃபில்டர்ல விட்டா ரெண்டு லிட்டர்ல அடைச்சுக்கும். மடக்கு வாளியில எடுத்து, 4 லிட்டருக்குக் கால் டீஸ்பூன்ல பாதி படிகாரத்தூள், அஞ்சு நிமிஷம் கலக்கி, அரை மணி அசைக்காம வைங்க. மேல் தெளிவை மட்டும் வடிச்சு ஃபில்டர்ல விடணும். படிகாரம் மண்ணைத்தான் இறக்கும், கிருமியைக் கொல்லாது. உறைபனி ராத்திரியில ஃபில்டரைத் தூக்கப்பைக்குள்ள வெச்சுக்கங்க, உள்ள இருக்கற குழாய் இழை உறைஞ்சா வெடிச்சிடும். வெளியில பார்த்தாத் தெரியவே தெரியாது.

ஓடைக்கரை:
படிகாரத் தண்ணீரில் டீ போட்டால் துவர்க்காதா?

ஈரச்செருப்பு:
அளவு மீறினாத்தான். வாளி அடியில கலங்கல் மிஞ்சும்போதே நிறுத்திடணும். கடைசிச் சொட்டு வரைக்கும் வடிக்கறவங்கதான் துவர்க்குதுங்கறாங்க.