பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றால் மனம்விட்டுப் பேசச் சொல்வது சரியா?

வாடாமல்லி:
நான்கு வருடமாக வயிற்றுவலி. ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தாயிற்று, எதிலும் ஒன்றும் இல்லை. இப்போது மருத்துவர், உணர்ச்சிகளைப் பேசித் தீர்க்கும் சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். என் வலியைப் பொய் என்கிறாரா?

கல்தூண்:
போகாதீர்கள். என் தங்கையின் வயிற்றுவலியை ஆறு வருடம் ‘டென்ஷன்’ என்றே சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லட்டுமே, மனதின் மேல் ஏன் பழி போடுகிறார்கள்?

நெய்தல்:
உங்கள் தங்கைக்கு நடந்தது அநியாயம், கல்தூண். ஆனால் இந்தச் சிகிச்சை வலியைப் பொய் என்பதில்லை. கால் முறிந்த வலியைக்கூட மூளைதான் உணர்த்துகிறது. நெடுநாள் பயமும் அடக்கிய கோபமும் அந்த வலியைக் கூட்டிவிடும். உளவியலாளர் மார்க் லம்லியும் மருத்துவர் ஹோவர்ட் ஷூபினரும் இதை வைத்துத்தான் இந்தச் சிகிச்சையை உருவாக்கினார்கள். நாள்பட்ட வலியுள்ள 126 முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வு 2024இல் வந்தது. வலி 30 சதவீதமாவது குறைந்தவர்கள் இதில் 63 சதவீதம், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் 17 சதவீதம்.

கல்தூண்:
ஆறு மாதத்தில் அந்த 63 சதவீதம் 41 ஆகிவிட்டதையும் சொல்லுங்கள். அப்புறம், அவர்கள் வயதானவர்கள், பெரும்பாலும் ஆண்கள். வாடாமல்லிக்கு அது எப்படிப் பொருந்தும்?

நெய்தல்:
41தான், சரி. மற்ற குழுவில் அப்போது 14. பொருந்துமா என்பதைப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எனக்கு நெஞ்சு இறுக்கம், இசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். அப்பா இறந்த இரவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, “இப்போது நெஞ்சு எப்படி இருக்கிறது?” என்று சிகிச்சையாளர் கேட்டார். இறுகிக்கொண்டிருந்தது. அன்றுவரை நான் அழவே இல்லை. அப்பாவிடம் சொல்லாமல் விட்டதை எதிரே இருந்த காலி நாற்காலியிடம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து அழுதேன், இறுக்கம் தளர்ந்தது. முழுக்கப் போகவில்லை. ஆனால் எப்போது வருகிறது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

வாடாமல்லி:
அம்மா வீட்டிலிருந்து போன் வரும் நாட்களில்தான் எனக்கு வலி அதிகம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போய்ப் பார்க்கிறேன். குடல் மருத்துவரைப் பார்ப்பதையும் விடப்போவதில்லை.

கல்தூண்:
அப்படியென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். “அதுதான் பேசிக்கொண்டிருக்கிறீர்களே” என்று யாராவது தள்ளிப்போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். என் தங்கை ஒப்புக்கொண்டாள்.