மீட்டரும் ஒரு தாளும்: என் எதிர்ப்பு மாறிய அனுபவம்

குடிநீர் இணைப்புகளுக்கு மீட்டர் பொருத்தப் போவதாக அறிவிப்பு வந்தபோது, அதை எதிர்த்து வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். அளந்து வசூலிப்பது தவறு என்று நான் கருதியதில்லை. ஆனால், சில ஆண்டுகளுக்கு முன்பு 'தற்காலிகம்' என்று சொல்லிச் சேர்க்கப்பட்ட ஒரு கட்டணம் அப்படியே நிலைத்துவிட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வயதான அம்மையார் ஒருவர் எழுந்து, "மீட்டர் தாறுமாறாக ஓடினால் பணத்தை யார் கட்டுவது?" என்று கேட்டார். பொறியாளர் மேசை மேலிருந்த மீட்டரைக் குழாயில் இணைத்து, பத்து லிட்டர் வாளியை நிரப்பி, எண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை அந்த அம்மாவையே படிக்கச் சொன்னார். பழுதான மீட்டருக்கான விதி இன்னும் எழுதப்படவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. இரண்டு வாரத்தில் எழுத்துமூலம் பதில் தருவதாகச் சொன்னார். சொன்ன நாளில் பதில் வந்தது. புகார் கொடுத்தால், சோதனை முடியும்வரை கூடுதல் தொகை வசூலிக்கப்படாது என்று அதில் முத்திரையுடன் எழுதியிருந்தது. அன்றே என் எதிர்ப்பைத் திரும்பப் பெற்றேன்.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில், நகரின் மையப் பகுதிக்குச் சென்று வரும் வாகனங்களிடம் வசூலிக்கும் நெரிசல் கட்டணம் வந்த கதையைப் பின்னர் படித்தபோது இந்தக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே பெரும்பாலோர் முதலில் எதிர்த்தார்கள். 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை வெள்ளோட்டம் பார்த்து, வாகனப் போக்குவரத்து ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததை மக்கள் நேரில் உணர்ந்த பிறகே செப்டம்பரில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களித்த நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்ததும், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அது நிரந்தரமானது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை கையில் இருந்ததால்தான் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2023-இல் 30 நாடுகளில் நடத்திய ஆய்வும் இதையே காட்டுகிறது: அரசின் முடிவுகளில் தங்கள் சொல் எடுபடுகிறது என்று கருதுவோரில் 69 விழுக்காட்டினர் தேசிய அரசை நம்புகிறார்கள், அப்படிக் கருதாதவர்களிடையே அது 22 விழுக்காடுதான்.

மறு ஆண்டு என் வீட்டு மீட்டரே அளவுக்கு மீறி ஓடியது. பத்திரப்படுத்தியிருந்த தாளைக் காட்டினேன். சோதித்துவிட்டுக் கட்டணத்தைத் திருத்திக் கொடுத்தார்கள். இப்போது குப்பையைத் தரம் பிரித்துத் தரும் புதிய விதி வரப்போகிறது. அக்கம்பக்கத்தார் என்னிடம் முதலில் கேட்டது, "விளக்கம் சொல்ல அந்தப் பொறியாளர் வருவாரா?" என்பதைத்தான்.